வாசிக்க மறுக்கும் வட்டுகள்: வீட்டு டிவிடி, விசிடிகளைக் கணினிக்கு நகலெடுக்கையில் வரும் பிழைகளும் அவற்றைத் தீர்க்கும் முறைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் தமிழர் வீட்டுத் தொலைக்காட்சி அலமாரியைத் திறந்தால் இன்னமும் பத்திருபது வட்டுகளாவது கிடைக்கும். கல்யாணம், தைப்பூசக் காவடி, பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றம், இறந்துபோன தாத்தாவின் அறுபதாம் பிறந்தநாள் என்று எல்லாமே ஒரு காலத்தில் டிவிடியாகவும் விசிடியாகவும் வீட்டுக்கு வந்தவை. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி இப்போது பல வீடுகளில் இல்லை. புதிய மடிக்கணினிகளில் வட்டு போடும் இடமே இல்லை. ஆகவே யுஎஸ்பியில் செருகும் வட்டு டிரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடலாம் என்று உட்காருகிறார்கள். மூன்றாவது வட்டிலோ நான்காவது வட்டிலோ திரையில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கிறது. கோயில் தமிழ் வகுப்பின் வழியாக எனக்கு அறிமுகமான குடும்பங்களுக்காகச் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். என்னிடம் வந்து சேரும் வட்டுகளில் பெரும்பாலானவை, அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் விடாப்பிடியாக ஏழெட்டு முறை முயன்று பார்க்கப்பட்டவை.

அந்த விடாப்பிடியைத்தான் முதலில் கைவிட வேண்டும். டிரைவ் ஒரு இடத்தைப் படிக்க முடியாதபோது வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, வட்டு சூடேறுகிறது, ஏற்கெனவே விரிசல் விட்ட வட்டாக இருந்தால் அந்த விரிசல் நீளவும் கூடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிழை வட்டில் இருக்கலாம், டிரைவில் இருக்கலாம், நகல் போய்ச் சேரும் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கலாம். திரையில் வரும் செய்தியோ இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வது அபூர்வம். எங்கே பிழை என்று தெரியாமல் மறுபடி முயல்வது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லாக் குழாயையும் திறந்துவிடுவதைப் போன்றது.

தொடங்கும் முன் ஓர் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே விளக்குவது குடும்ப நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த வட்டுகளையும், பூட்டு எதுவும் போடப்படாத வட்டுகளையும் பற்றியது. கடையில் விற்ற திரைப்பட டிவிடிகளில் பலவற்றுக்குச் சிஎஸ்எஸ் என்ற மறைகுறிப் பூட்டு உண்டு. திரைப்படத்தின் உரிமையும் தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அதன் உரிமையாளரிடமே இருக்கிறது. அந்தப் பூட்டை உடைக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. ஆனால், எந்தப் பிழை பூட்டினால் வருகிறது, எது கீறலால் வருகிறது என்று அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நல்ல வட்டைக் கழுவிக் கழுவியே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முதல் வேலை, கணினியைத் தொடாமல் வட்டைப் பார்ப்பது. பின்பக்கத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், கைரேகை எண்ணெய், தூசி, கீறல் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஆரம் ஆரமாக ஓடும் கீறலால் அவ்வளவாக ஆபத்தில்லை. டிரைவ் அதைக் குறுக்கே கடந்துபோகிறது, இழந்த சிறு பகுதியைப் பிழைதிருத்தக் கணக்கு நிரப்பிவிடுகிறது. வட்டத்தோடு ஒட்டி வளைந்து ஓடும் கீறல்தான் பொல்லாதது, ஏனென்றால் அது தொடர்ச்சியான தகவல் முழுவதையும் ஒரே வீச்சில் மறைக்கிறது. துடைக்கும்போதும் இதே கணக்குத்தான்: பஞ்சு உதிராத மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், தட்டைத் துடைப்பதுபோல் சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீர் பெரும்பாலும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது தொட்டுக்கொள்ளலாம். பற்பசை பூசித் தேய்க்கும் வைத்தியத்தை யாரோ எங்கோ பரப்பிவிட்டிருக்கிறார்கள். அதைச் செய்த வட்டுகள் என்னிடம் வரும்போது ஒரு கீறலுக்குப் பதில் நூறு கீறலோடு வருகின்றன.

மேல்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிடி, விசிடிகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் மேல்பக்க மெருகுப்பூச்சுக்கு உடனடியாகக் கீழே இருக்கிறது. பெயர் எழுதும்போது பந்துமுனைப் பேனாவை அழுத்தியிருந்தால் அந்த இடம் போனது போனதுதான். டிவிடி அப்படியன்று, 0.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரண்டு தகடுகளை ஒட்டி, தகவலை நடுவே வைத்திருப்பதால் மேல்பக்கக் கீறலைத் தாங்கும். ஆனால் வட்டமான காகித லேபிள் ஒட்டிய டிவிடிகள் தொல்லை தருபவை. நம் கடற்கரை ஈரக்காற்றில் அந்தக் காகிதம் ஊறி உப்பி, வேகமாகச் சுழலும்போது வட்டு ஒருபக்கமாக இழுக்கும். லேபிளை உரித்தெடுக்கக் கூடாது, வட்டே கெட்டுவிடலாம். வேகத்தைக் குறைத்துப் படிப்பதே அதற்கு வழி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சேற்றில் கிடந்த வட்டுகளைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: காய்ந்த சேற்றைத் துணியால் தொடாதீர்கள், மணல் ஒவ்வொன்றும் ஓர் உளி, வட்டைச் சுத்தமான நீரில் ஊறவைத்து, சேறு தானாகக் கரைந்து இறங்கிய பிறகு அலசி, நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள்.

இனி, பிழை எங்கே இருக்கிறது என்று பிரித்தறியும் சோதனை. நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு வட்டை அதே டிரைவில் போட்டு நகலெடுத்துப் பாருங்கள். அது சுகமாக வந்துவிட்டால் சந்தேகம் முதல் வட்டின் மேல் விழுகிறது. அதுவும் தடுமாறினால் டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ பார்க்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோதனைக்கு எடுக்கும் வட்டு, பிரச்சினை தரும் வட்டின் இனமாகவே இருக்க வேண்டும். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் ஒளியும் டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் ஒளியும் பயன்படுகின்றன. ஆகவே விசிடியை அருமையாகப் படிக்கும் டிரைவ் டிவிடியைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும். அதேபோல, ஆலையில் அச்சிட்ட திரைப்பட டிவிடியைவிட ஸ்டூடியோவில் எரித்த (லேசரால் எழுதிய) டிவிடி ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால், லேசர் தளர்ந்த பழைய டிரைவ் முதலாவதைப் படித்து இரண்டாவதைக் கைவிடும். கடையில் வாங்கிய படம் ஓடுகிறதே, அப்படியானால் டிரைவில் குறையில்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

டிரைவின் மீது சந்தேகம் விழுந்தால், முதலில் அதற்குப் போகும் மின்சாரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லிஆம்பியர்தான் தரும். மெல்லிய டிரைவ் வட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் அதற்குமேல் கேட்கும். வட்டு சுழலத் தொடங்கி நின்று, மறுபடி சுழன்று, கணினியிலிருந்து டிரைவின் பெயரே மறைந்து மீண்டும் தோன்றினால் அது கீறல் அன்று, மின்சாரப் பற்றாக்குறை. நீட்டிப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு டிரைவை நேரடியாகக் கணினியில், முடிந்தால் 900 மில்லிஆம்பியர் தரும் யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். அதுவும் போதாவிட்டால் தனி மின்னிணைப்புள்ள ஹப் ஒன்றைப் பயன்படுத்துங்கள். என் அனுபவத்தில், பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய முழு அளவு டிரைவ், புதிதாக வாங்கிய மெல்லிய டிரைவ் கைவிட்ட பல வட்டுகளைப் படித்திருக்கிறது. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்.

போய்ச் சேரும் இடத்தின் குறை மிக எளிதாகத் தீரும், ஆனால் அதிகம் பேரை ஏமாற்றுவதும் அதுவே. டிவிடிக்குள் காட்சியும் ஒலியும் அடங்கியிருக்கும் விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் அடங்கியவை. ஆகவே கோப்புறையாக நகலெடுத்தால் எந்த ஹார்ட் டிஸ்க்கிலும் போய் உட்காரும். அதே டிவிடியை, வட்டு முழுவதன் அச்சு நகலான ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தால் 4.7 ஜிபி வரை போகும். நகல் போகும் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் (ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால்) ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கோப்புறை நகலாகிறது, ஐஎஸ்ஓ மட்டும் ஒவ்வொரு முறையும் அதே 4 ஜிபியில் நிற்கிறது என்றால் வட்டின் மேல் பழிபோடாதீர்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் அதைப் புதிதாக அமைத்தால் போதும்.

இரட்டை அடுக்கு டிவிடியில் மட்டும் இந்த அடையாளம் குழப்பும். 8.5 ஜிபி கொள்ளும் அந்த வட்டில், முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே ஓடி முடிந்ததும் இரண்டாவது அடுக்கு விளிம்பிலிருந்து உள்நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பம் ஏறக்குறைய பாதி வழியில், அதாவது 4 ஜிபியை ஒட்டி வருவதால், பாதியில் வரும் பிழை விளிம்பில் பட்ட கைரேகையாகவும் இருக்கலாம். நிற்கும் முன் டிரைவின் ஓசை மாறி, வேகம் படிப்படியாக விழுந்தால் வட்டுக் கோளாறு. ஓசையே மாறாமல் சட்டென்று நின்றால் ஃபேட்32.

சில செய்திகளின் பொருளை இனித் தனியாகப் பார்க்கலாம். விண்டோஸில் ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்று வந்தாலோ, பிழை எண் 80070017 என்று முடிந்தாலோ, படித்த தகவலும் அதனுடன் எழுதிவைத்த சோதனைக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இது கீறல், அழுக்கு, எரித்த வட்டின் சாயம் வெளிறியது ஆகியவற்றின் முத்திரை. இதற்கான வைத்தியத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ‘காப்பி புரொடக்ஷன்’ என்ற சொற்களோடு, சாவி கிடைக்கவில்லை என்ற பொருளில் ஏதேனும் வந்தால் அது பூட்டு, கழுவினாலும் தீராது. 8.5 ஜிபிக்கு மேல் கொள்ளவே முடியாத வட்டு 40, 50 ஜிபி என்று அளவு காட்டினாலும் அதுவும் வேண்டுமென்றே செய்த காப்பு ஏற்பாடுதான். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்டலம் மாற்றச் சொல்லும் செய்தி நம்மவர்களுக்கு அடிக்கடி வரும். திரைப்பட டிவிடிகள் எந்தெந்த நாட்டில் ஓட வேண்டும் என்பதற்காக உலகை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 2-ஆம் மண்டலம். இந்தியாவும் மொரீஷியசும் 5-ஆம் மண்டலம். சென்னையில் வாங்கிவந்த வட்டு 5-ஆம் மண்டலத்துக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டிருந்தால், டிரைவ் தன் மண்டலத்தை மாற்றலாமா என்று கேட்கும். அவசரப்பட்டுச் சம்மதம் அழுத்தாதீர்கள்: மொத்தம் ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிரந்தரமாக நிலைத்துவிடும். வீட்டு நிகழ்ச்சி வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது.

அடுத்தது, வட்டு காலியாக இருக்கிறது என்ற செய்தி. இதை நான் மறக்கவே முடியாது. என் பெரியம்மா ஒருநாள் எட்டு சென்டிமீட்டர் குட்டி டிவிடி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“கடைக்காரப் பையன் இதுல ஒண்ணுமே இல்லேன்னு சொல்லிட்டான் தம்பி. உங்க பெரியப்பா காவடி எடுத்தது இதுலதான் இருக்கு, நான் கூடவே நின்னேன்.”

“பின்பக்கத்தைப் பாருங்க பெரியம்மா. உள்வளையம் கருப்பா இருக்கு, வெளிய வெளிறி இருக்கு. எழுதின வட்டுதான் இது, மூடலை, அவ்வளவுதான்.”

எரிக்கும் வட்டில் தகவல் எழுதப்பட்ட பகுதி நிறம் மாறித் தெரியும்; அந்த நிறவேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது நிச்சயம். வட்டில் நேரடியாகப் பதிந்த அந்தக் கால வீடியோ கேமராக்களிலும் வீட்டு ரெக்கார்டர்களிலும், பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ என்ற கட்டளையைத் தர வேண்டும். அதைத் தராவிட்டால் வட்டின் தொடக்கத்தில் பொருளடக்கம் எழுதப்படாது. பொருளடக்கம் இல்லாத வட்டைக் கணினி காலி என்றே கருதும். இதற்கு முதல்தரமான தீர்வு, பதிவு செய்த அதே கேமராவையோ, அதே மாதிரிக் கேமராவையோ தேடிப் பிடித்து அதில் ஃபைனலைஸ் செய்வது. பெரியம்மா மகனின் உடுப்பு அலமாரியில் கேமரா இருந்தது. பேட்டரி செத்துக் கிடந்தாலும் சுவரில் செருகும் அடாப்டரில் ஓடியது. ஏழு நிமிடத்தில் வட்டு மூடப்பட்டது. அந்தக் குட்டி வட்டை, தட்டு வெளியே வராமல் வாய்வழியாக விழுங்கும் டிரைவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வெளியே எடுக்க முடியாமல் போகும். மூடப்பட்ட வட்டில் விஆர்ஓ என்ற பின்னொட்டுடன் ஒரே பெரிய கோப்பு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதை நகலெடுத்துப் பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றினால் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடும்.

இப்போது உண்மையிலேயே கீறலும் சிதைவும் உள்ள வட்டுக்கு வருவோம். இங்கே என் அழுத்தமான கருத்து ஒன்று: இத்தகைய வட்டிலிருந்து கோப்பு கோப்பாக நகலெடுக்காதீர்கள், நேரடியாக எம்பி4 ஆக மாற்றவும் முயலாதீர்கள். முதலில் வட்டு முழுவதையும் ஒரு ஐஎஸ்ஓ படிமமாக எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளையெல்லாம் அந்தப் படிமத்தின் மேல் செய்யுங்கள். சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே நின்று, அதுவரை எடுத்ததையும் அழித்துவிடும். மாற்றும் மென்பொருளோ படித்துக்கொண்டே கணக்குப் போடுவதால் டிரைவ் நின்று நின்று ஓடுகிறது.

நல்ல நிலையில் உள்ள ஒற்றை அடுக்கு டிவிடி 4 மடங்கு வேகத்தில் ஏறக்குறைய கால்மணி நேரத்தில் படிமமாகிவிடும். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற மென்பொருள் இதைச் செய்யும். அதில் படிக்கும் வேகத்தை 4 மடங்குக்குக் குறைக்கவும், படிக்க முடியாத இடங்களை வெற்றிடமாக விட்டுவிட்டுத் தொடரவும் அமைப்பு உண்டு. நான் நம்பியிருப்பது லினக்ஸில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து இயக்கிக்கூட இதைப் பயன்படுத்தலாம். அங்கே பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. நடுவில் அடிக்கோடு போட்ட டிடி_ரெஸ்க்யூ வேறொரு நிரல், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிவிடியில் தகவல் வைக்கப்படும் துண்டு (செக்டர்) ஒன்று 2048 பைட். அந்த அளவை நிரலுக்குச் சொல்லிவிட வேண்டும். முதல் சுற்றில் கடினமான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப்போகச் சொல்லும் ‘என்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். வட்டில் எளிதாக வருவதெல்லாம் முதலில் பத்திரமாக வந்துவிடும். இரண்டாம் சுற்றில் அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, நேரடியாகப் படிக்கச் சொல்லும் ‘டி’ விருப்பத்தோடும் ஓரிரு மறுமுயற்சிகளோடும் ஓட்டினால், விட்டுப்போன இடங்களை மட்டும் அது தேடிப் போகும். இன்னும் மிச்சமிருந்தால், பின்னாலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்லும் பெரிய ‘ஆர்’ விருப்பம் சில இடங்களை மீட்டுத்தரும்.

இந்த நிரலை நம் ஊருக்கென்றே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வரைபடக் கோப்பு என்று ஒரு சிறிய எழுத்துக் கோப்பை அது கூடவே எழுதிக்கொண்டே போகிறது. எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது. லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-இல், மோசமான வட்டு ஒன்று இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போய்விடும். மற்ற நிரல்களில் அதோடு எல்லாம் முதலிலிருந்து. டிடிரெஸ்க்யூவில் அதே கட்டளையை அதே வரைபடக் கோப்போடு மறுபடி தந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். வரைபடக் கோப்பைப் பென் டிரைவிலிருந்து இயங்கும் உபுண்டுவின் தற்காலிக இடத்தில் வைக்காமல், படிமம் போகும் ஹார்ட் டிஸ்க்கிலேயே வையுங்கள். ஒருமுறை அதை மறந்து ஓர் இரவு உழைப்பை இழந்திருக்கிறேன்.

அந்த வரைபடக் கோப்புக்கு இன்னொரு பயனும் உண்டு, அதுவே இந்த வேலையின் மிக அழகான பகுதி. கல்யாண ஸ்டூடியோக்கள் ஒரே மூலத்திலிருந்து நாலைந்து வட்டுகள் எரித்துத் தருவது வழக்கம்: பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டில் அதன் விதிப்படி கீறல் பட்டிருக்கும், ஆனால் ஒரே இடத்தில் பட்டிருக்காது. முதல் வட்டின் படிமமும் வரைபடமும் இருக்கும்போது, மாமா வீட்டு வட்டைப் போட்டு அதே கட்டளையைத் தந்தால், விடுபட்ட துண்டுகளை மட்டும் அதிலிருந்து எடுத்து ஓட்டைகளை அடைத்துவிடும். ஒரு கல்யாணப் படத்தில் தாலி கட்டும் இடம் பெண் வீட்டு வட்டில் போய்விட்டிருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த உறவினரின் வட்டில் அது இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு துண்டு குறையாத படிமமானது. இரண்டு வட்டுகளும் மொத்த அளவில் ஒரு பைட் கூட வேறுபடாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபட்டால் அவை தனித்தனியாக எரிக்கப்பட்டவை, ஒன்றால் மற்றொன்றை அடைக்க முடியாது. இரண்டாவது வட்டு கிடைக்காவிட்டாலும், அதே வட்டை வேறொரு டிரைவில் போட்டு இதே முறையில் தொடரலாம்.

எவ்வளவு முயன்றாலும் சில துண்டுகள் வராமலே போகும். ஒற்றை அடுக்கு டிவிடியில் சுமார் 23 லட்சம் துண்டுகள் இருக்கின்றன. பிழைதிருத்தக் கணக்கு 16 துண்டுகளை ஒரு கட்டாக வைத்துப் போடப்படுவதால், இழப்பும் பெரும்பாலும் பதினாறு பதினாறாகவே வரும். ஒரு கட்டு போனால் திரையில் அரை நொடி வரை கட்டம் கட்டமாகக் கலங்கித் தெளியும், அவ்வளவுதான். நாற்பது துண்டு குறைகிறது என்பதற்காக ஒரு வாரம் வட்டைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குறை ஐஎஃப்ஓ கோப்பில் விழுந்தால் கதை வேறு. படம் எங்கே தொடங்குகிறது, எந்த வரிசையில் ஓடுகிறது என்பதை வைத்திருப்பது அதுதான். அது கெட்டால் காட்சி முழுவதும் நன்றாக இருந்தும் மென்பொருள் ‘டைட்டில் இல்லை’ என்று கைவிரிக்கும். டிவிடியை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்து, ஒவ்வொரு ஐஎஃப்ஓவுக்கும் அச்சு அசலான பியூபி கோப்பு ஒன்றை வட்டில் வேறிடத்தில் வைத்திருக்கிறார்கள். படிமத்திலிருந்து கோப்புறையை வெளியே எடுத்து, கெட்ட ஐஎஃப்ஓவை நீக்கிவிட்டு, அதே பெயருள்ள பியூபியின் நகலுக்கு ஐஎஃப்ஓ என்று பின்னொட்டு மாற்றினால் பல சமயம் படம் உயிர்பெறும்.

படிமத்தை எம்பி4 ஆக மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும். விஓபி கோப்புகளைத் தனித்தனியாக அதனிடம் கொடுக்காமல், ஐஎஸ்ஓவையோ கோப்புறை முழுவதையுமோ மூலமாகக் கொடுங்கள். தனித்தனியாக மாற்றி ஒட்டியவற்றில்தான் நாதஸ்வரம் ஒருபக்கமும் வாசிப்பவரின் விரல் இன்னொருபக்கமும் போகும். 10 நொடிக்குக் குறைவான பகுதிகளை ஹேண்ட்பிரேக் இயல்பாகவே தவிர்த்துவிடுவதால், கேமராவில் துண்டு துண்டாக எடுத்த காட்சிகள் காணாமல் போனதுபோல் தோன்றும். அமைப்பில் அந்தக் குறைந்தபட்ச நேரத்தைக் குறைத்தால் அவை திரும்பி வரும்.

டிடிரெஸ்க்யூவால் படிமமெடுக்கும் முறை விசிடிக்குப் பொருந்தாது. அதன் காட்சித் துண்டுகள் 2324 பைட் கொண்டவை. அதிகக் காட்சியைத் திணிப்பதற்காக, தகவல் சிடிகளுக்கு உள்ள கூடுதல் பிழைதிருத்த அடுக்கை அவற்றில் விட்டுவிட்டார்கள். அதனால் சிறு கீறலுக்கே நகல் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூவும் அந்தத் துண்டுகளைப் படிக்காது. லினக்ஸில் விசிடிஇமேஜர் பொதியிலுள்ள விசிடிஎக்ஸ்ரிப் அவற்றை எம்பிஜி கோப்பாக எடுத்துத் தரும். விண்டோஸில் எம்பெகாவ் என்ற கோப்புறையில் உள்ள டாட் கோப்பை நகலெடுத்தாலே விஎல்சி ஓட்டும். நகல் நின்றால், விசிடியை விஎல்சியில் நேரடியாகத் திறந்து, ஓடும்போதே பதிவு செய்வது கடைசி வழி. கலங்கும் இடத்தில் கலங்கி, அதைத் தாண்டிப் போய்விடும்.

எல்லாம் முடிந்தபின், கோப்பு வந்துவிட்டது என்பதை வைத்து வட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படிமத்தைத் திறந்து தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் ஆகியவற்றைப் பாருங்கள். எரித்த வட்டுகள் விளிம்பில் முதலில் கெடுவதால், ஒற்றை அடுக்கு வட்டில் அடிபடுவது பெரும்பாலும் கடைசிக் காட்சிதான். கோப்பின் கைரேகை போன்ற எண்ணான எஸ்எச்ஏ-256 கையொப்பத்தைக் கணக்கிட்டு ஒரு எழுத்துக் கோப்பில் எழுதி, படிமத்தோடு வையுங்கள்; அடுத்த ஆண்டு வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது அதே எண் வருகிறதா என்று பார்த்தால் நகலில் எதுவும் உதிரவில்லை என்பது தெரிந்துவிடும். ஒரு நகலை ஜோகனஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். எம்பி4 ஆக்கியதும் ஐஎஸ்ஓவை அழித்து இடம் மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும்; 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருநூறுக்கு மேற்பட்ட டிவிடிகள் முழுதாக அடங்கும் என்பதால் அதை அழிக்கத் தேவையே இல்லை.